அண்ணா சொன்னதும் நான் மறுத்ததும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த மூன்று கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெரும்பகுதி இடத்தை முதலாவது கடிதமே எடுத்துக்கொள்கிறது, ஏனெனில் அந்தப் பிள்ளையின் அண்ணாவுடைய கிளினிக் திகதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 17 வயது. திருகோணமலை நகரத்தில் இருக்கிறேன். அடுத்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அம்மா ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அண்ணாவுக்கு 21 வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நித்திரையில்லாமல் திரிந்து, யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினார். முதலில் செய்வினை என்று சொல்லி நூல் கட்டினார்கள். மாதங்கள் போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம். மனச்சிதைவு நோய் என்று வைத்தியர் சொன்னார். இப்போது முன்னரைவிட நன்றாக இருக்கிறார். ஆனால் அம்மா ஒருமுறை குளிசையைத் தூளாக்கிச் சோற்றுக்குள் போட்டதை அவர் கண்டுபிடித்துவிட்டதால், என் கையால் கொடுத்தால் மட்டுமே குடிக்கிறார். அவர் நித்திரையாகும்வரை விழித்திருப்பதும், கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கூடப்போவதும் நான்தான்.

இன்னொரு விடயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னோடு ரியூசனில் படிக்கும் ஒரு பிள்ளையில் எனக்கு விருப்பம். அவளும் பெண். முதலில் சிநேகிதம் என்றுதான் நினைத்தேன். மற்றப் பிள்ளைகள் பொடியன்களைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அவள் ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் மனம் படிப்பில் நிற்பதில்லை. போன மாதம் இரவுச் சாப்பாட்டின்போது அண்ணா திடீரென்று அம்மாவிடம், 'இவளுக்கு அந்தப் பிள்ளையில காதல்' என்றார். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் உடனே, 'அண்ணா திரும்ப வருத்தத்தில கதைக்கிறார்' என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பிவிட்டார். அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்லி மருந்தைக் கூட்டித் தரும்படி கேட்கப்போவதாகச் சொல்கிறார். அண்ணா அதற்குப் பிறகு என்னோடு அதிகம் கதைப்பதில்லை. ஆனாலும் குளிசையை என்னிடம்தான் வாங்குகிறார்.

எனக்கும் அந்த வருத்தம் தொடங்குகிறதா அக்கா? நான் உண்மையில் அப்படிப்பட்டவள்தானா? அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? பரீட்சை சரிவந்தால் அண்ணாவை விட்டுவிட்டு வெளியூருக்குப் படிக்கப் போகலாமா? பெயர் போடாதீர்கள்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு, நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளினிக் நாளில் என்ன செய்வது என்பதே அது. மனச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கான் படத்திலோ காணக்கூடிய அளவுகோல் இல்லாதபடியால், நோயாளி சொல்வதையும், வீட்டார் பார்த்துச் சொல்வதையும், தான் நேரில் காண்பதையும் வைத்தே வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். நல்லபடியாகத் தேறிவரும் ஒருவர் இல்லாததைக் கற்பனை செய்து சொல்கிறார் என்று வீட்டார் முறையிட்டால், நோய் திரும்புகிறதோ என்று எந்த வைத்தியரும் யோசிப்பார். அளவு கூடினால் பகலெல்லாம் நித்திரைத் தூக்கம், கைநடுக்கம், உடல் விறைப்பு, எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளும் கூடலாம். தேவைப்பட்டால் அவற்றைத் தாங்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் அண்ணா அன்றிரவு சொன்னது கற்பனையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மனச்சிதைவு நோய் உள்ளவர் சொல்வதெல்லாம் மாயை ஆகிவிடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீங்கள் யாருடைய பெயரைச் சொல்லும்போது முகம் மலர்கிறீர்கள் என்பதைக் கவனித்த ஒரு தமையனாகவும் அவர் அதைச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே அந்த நாளில் வைத்தியரிடம், இல்லாவிட்டால் அங்குள்ள தாதியிடம், 'அண்ணாவைப் பற்றித் தனியாக ஒரு நிமிடம் சொல்ல வேண்டும்' என்று கேளுங்கள். வீட்டார் தனியாகக் கதைக்கக் கேட்பது மனநலக் கிளினிக்கில் வழமையான விடயம்; யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். உங்கள் இரகசியம் முழுவதையும் அங்கே அவிழ்க்க வேண்டியதில்லை. 'அம்மா சொல்லப்போகும் அந்த ஒரு விடயத்தில் அண்ணா சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது, அது என் சொந்த விடயம், அதை நோயின் அறிகுறியாகக் கணக்கெடுக்க வேண்டாம், தயவுசெய்து அம்மாவிடமும் சொல்ல வேண்டாம்' என்பதே போதும். நோயாளியின் வீட்டார் நம்பிக்கையோடு சொல்வதைக் காப்பது வைத்தியரின் கடமையாக இருந்தாலும், முதலில் 'இதை உங்களோடு வைத்துக்கொள்வீர்களா' என்று கேட்டு, அவர் ஆம் என்ற பிறகு சொல்வது நல்லது. பிறகு, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, தனியாகக் கதைக்கிறாரா, யாரையாவது சந்தேகிக்கிறாரா என்று நீங்கள் உண்மையில் கண்டதைச் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரே முடிவெடுக்கட்டும்.

அண்ணாவுக்கு என்ன சொல்வது? பயத்தில் வாயில் வந்ததைச் சொன்ன 17 வயதுப் பிள்ளையை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. ஆனால் தன் கண்ணை நம்பலாமா என்ற கேள்வியோடு ஒவ்வொரு நாளும் போராடுகிற ஒருவரிடம், அவர் சரியாகக் கண்டதைப் பொய் என்று சொன்னது அவரை எங்கே தாக்கியிருக்கும் என்று உங்களுக்கே விளங்கியிருக்கிறது. அதனால்தான் அவர் பேசாமல் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள். ஒரு அமைதியான மாலையில், 'அன்றைக்கு உங்கட வருத்தத்தைக் காரணம் சொன்னது பிழை அண்ணா, நான் பயந்துபோனேன், இனி அப்படிச் சொல்லமாட்டேன்' என்று சொல்லுங்கள். அவர் மேலும் கேட்டால், 'அதைப் பற்றிப் பிறகு கதைப்பம்' என்பதோடு நிறுத்தலாம். உங்கள் மனதில் இருப்பதை முழுமையாக அவரிடம் இறக்கிவைப்பதற்கு இது காலமில்லை. இரகசியம் காக்கும் பாரத்தை, தேறிவரும் ஒருவரின் தலையில் ஏற்றக்கூடாது.

இனி, உங்களுக்கும் வருத்தம் தொடங்குகிறதா என்ற பயம். செய்வினை என்று தொடங்கி மனநோய் என்று முடிந்த ஒரு கதையைக் கண்ட வீட்டில், இரண்டாவது பிள்ளையிடம் வழமைக்கு மாறாக எது தோன்றினாலும் 'இதுக்கும் வந்துட்டுது' என்றே எண்ணத் தோன்றும். அந்தப் பிள்ளையும் அப்படியே எண்ணத் தொடங்கிவிடுகிறது. உலகில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு நோய் வருகிறது. உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் அது நூறில் ஒன்பது அளவுக்கு உயர்கிறது. அதாவது இப்படிப்பட்ட நூறு சகோதரர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நோய் வருவதில்லை. குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், நாட்கணக்கில் நித்திரையின்மை, குளிப்பு முழுக்கில் நாட்டமின்மை, சிந்தனை கோர்வையாக ஓடாமை ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றினால் தாமதிக்காமல் போகவேண்டும், கஞ்சா அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதையும் அறிந்துவையுங்கள். ஒரு பெண்பிள்ளை இன்னொரு பெண்பிள்ளையை விரும்புவது அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதியும் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. அண்ணாவுக்கு இருப்பது நோய், அதற்கு மருந்து உண்டு. உங்களுக்கு இருப்பது விருப்பம், அதற்கு மருந்து தேவையில்லை.

'நான் அப்படிப்பட்டவள்தானா' என்ற கேள்விக்கு நானோ வேறு எவரோ பதில் சொல்ல முடியாது. சிலருக்கு 12 வயதிலேயே நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. சிலருக்கு இருபதுகளின் நடுவில்தான் தெளிகிறது. பெண்களையும் ஆண்களையும் விரும்பக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஒரு குறிப்பிட்ட ஆளில் மட்டும் விருப்பம் வந்து பிறகு திசைமாறியவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது தெரிந்திருப்பது, இந்தப் பிள்ளையை விரும்புகிறீர்கள், பொடியன்களில் நாட்டம் தோன்றவில்லை என்ற இரண்டும்தான்; அவ்வளவோடு இருப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் ஒன்று வைத்துத்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களும், இது வயசுக் கோளாறு, போய்விடும் என்று அடித்துச் சொல்கிறவர்களும், உங்கள் மனதைக் கேளாமல் தங்கள் அவசரத்தையே கதைக்கிறார்கள்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சொல்லத் தகாத விடயம் என்பதால் நான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் சாப்பாடும் படிப்பும் இருப்பிடமும் இன்னும் அம்மாவின் கையில் இருக்கின்றன. மூத்த மகனுக்கு நேர்ந்ததால் உடைந்துபோயிருக்கும் அந்த மனுஷி, விளங்காத ஒன்றை அளப்பதற்குத் தன்னிடம் உள்ள இரண்டே அளவுகோல்களைத்தான் எடுப்பார்: ஒன்று செய்வினை, மற்றது வருத்தம். இரண்டில் எதை எடுத்தாலும் உங்களை நூல் கட்டுகிறவரிடமோ, குளிசை கேட்டு வைத்தியரிடமோ, மாப்பிள்ளை கேட்டுத் தரகரிடமோதான் கொண்டுபோவார், அதுவும் அன்பின் பெயரால். இந்த மூன்றும் விருப்பத்தை மாற்றியதாக மருத்துவத்தில் சான்றில்லை. பயத்தையும் அவமானத்தையும்தான் கூட்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 யூன் மாதத்தில் ஒரு தீர்ப்பில், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சியைத் தடைசெய்யவேண்டும் என்றும், செய்கிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் கூறியது. அது இந்தியாவுக்கு உரிய தீர்ப்புத்தான், ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்குள் நடப்பதை அறிந்து சொல்லப்பட்டது. உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒரு பெரியவரும், தேவைப்பட்டால் சில நாட்கள் போய்த் தங்கக்கூடிய ஒரு வீடும், சொந்தக் காலில் நிற்கும் நாளும் வரும்வரை பொறுப்பது கோழைத்தனம் ஆகாது. அம்மா நேரடியாகக் கேட்டால், 'இப்ப அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை அம்மா' என்று சொல்லலாம். அது பொய்யில்லை, அண்ணாவைக் கேடயமாகப் பிடிப்பதுமில்லை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது அதைக் காட்டி உங்களை மிரட்டலாம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலினத்தவருக்கு இடையிலான சில செயல்களைக் குற்றமாக்குகின்றன. 1995இல் செய்த திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். அவற்றை மாற்றுவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது, என்றாலும் அது சட்டமாக நிறைவேறவில்லை. சட்டம் செயலைத்தான் பேசுகிறது. மனதில் ஒருவரை விரும்புவதை எந்தப் பிரிவும் குற்றமாக்கவில்லை. அதைச் சொல்லியோ, உங்கள் செய்திகளை வெளியிடுவதாகச் சொல்லியோ எவராவது பயமுறுத்தினால், பணிந்துபோகாமல் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். 18 வயது ஆகும்வரை அது உங்களுக்கு உரியது. இதே காரணத்துக்காக, அந்தப் பிள்ளைக்கு எதையும் கைபேசியில் எழுதாதீர்கள், படங்கள் அனுப்பாதீர்கள். அவளுடைய வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார். சிநேகிதம் சிநேகிதமாகவே போகட்டும். அவள் மனம் எப்படி என்பது காலப்போக்கில் உங்களுக்குத் தெரியவரும்.

இதுவரை உங்கள் மனதைப் பற்றிச் சொன்னதைவிட, உங்கள் இரவுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு வளர்ந்த மனிதரின் மருந்துக்கு, உயர்தரம் படிக்கும் தங்கை தனியாகப் பொறுப்பாளியாக இருக்கக்கூடாது. இதற்கு நீங்கள் காரணமில்லை. சோற்றுக்குள் குளிசை போன அன்றே இது உங்கள் தலையில் விழுந்துவிட்டது. தன்னை யாரோ கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று அஞ்சுகிற ஒருவருக்கு மறைத்து மருந்து கொடுப்பது, அந்த அச்சத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்றது. அம்மா பயத்தில்தான் செய்தார், ஆனால் சரிசெய்ய வேண்டியவரும் அம்மாதான். 'இனி ஒருநாளும் உனக்குத் தெரியாமல் எதையும் கலக்கமாட்டன் மகன்' என்று அவர் அண்ணாவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குளிசை அட்டையை அண்ணாவே கையில் எடுத்து, அம்மாவின் முன்னால் பிரித்துக் குடிக்கட்டும். முதல் சில கிழமைகளுக்கு நீங்களும் பக்கத்தில் இருந்துவிட்டு, மெல்ல மெல்ல விலகுங்கள். அதுவும் சரிவராவிட்டால், நாளாந்தக் குளிசைக்குப் பதிலாகச் சில கிழமைகளுக்கு ஒருமுறை போடும் ஊசி ஏற்றதா என்று கிளினிக்கில் கேளுங்கள். நாள்தோறும் வீட்டில் நடக்கும் இந்த இழுபறியைப் பல குடும்பங்களில் அந்த ஊசிதான் நிறுத்தியிருக்கிறது. கட்டாரில் இருக்கும் அப்பாவும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளினிக் திகதிகளை அவர் நினைவில் வைத்திருந்து மகனோடு கதைக்கலாம், நீங்கள் வகுப்புக்குப் போகும் நாட்களில் துணைக்குப் போகும்படி ஊரில் உள்ள ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ கேட்கலாம். கோணேசருக்கு நேர்த்தி வைப்பதையோ பத்திரகாளி அம்பாளிடம் போவதையோ நிறுத்துங்கள் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் சொன்னதில்லை. நேர்த்தியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சுகமாகிவிட்டது என்று மருந்தை விடுவதே நோய் திரும்புவதற்கு மிகப் பெரிய காரணம்.

அவர் தேறியிருக்கும்போது நித்திரையாகும்வரை காவல் இருக்கத் தேவையில்லை. தேவை இருப்பதாக நீங்கள் உணர்ந்தால், அதையே வைத்தியரிடம் சொல்லி அம்மாவோடு முறைபோட்டுக்கொள்ளுங்கள். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கேல்லை அண்ணா, ஆனா உங்களுக்குப் பயமா இருக்கும் எண்டு விளங்குது' என்ற அளவே போதும். சாகப்போவதாகவோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் கட்டளையிடுவதாகவோ சொன்னால், விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அவரைத் தனியே விடக்கூடாது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. அது நோயாளிகளுக்கு மட்டும் உரியதில்லை. நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன தங்கைகளும் அழைக்கலாம். திருகோணமலை மாதிரி, பாமசிக் கவுண்டரில் நிற்கிறவரும் ஏதோவொரு முறையில் சொந்தமாகிற ஊரில், முகம் காட்டாமல் கதைக்கக் கிடைப்பது சின்ன விடயமில்லை. உங்களுக்கே பல நாட்களாக அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால், அதே இலக்கத்துக்கு அண்ணாவுக்காக இல்லாமல் உங்களுக்காக அழையுங்கள்.

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. இத்தனை வாசல்கள் திறந்திருக்கும்போது, அண்ணாவுக்குக் காவலாக இருப்பதற்காக விண்ணப்பத்தில் தெரிவுகளைச் சுருக்கிவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் உண்மையாகவே ஈடுபாடு இருந்தால் திருகோணமலையிலேயே உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தைப் போடுங்கள். வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் போடாதீர்கள். மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ கொழும்போ கிடைத்தால், இன்றைக்கே அம்மாவோடும் மாமாவோடும் பகிரத் தொடங்கிய பொறுப்பு நீங்கள் இல்லாதபோதும் ஓடும். வெளியூரில் உங்கள் மனதைப் பற்றி அமைதியாக யோசிக்கவும் இடம் கிடைக்கும். அதை இங்கே நான் இரண்டாவது காரணமாகவே சொல்கிறேன்.

கேள்வி: மூதூர்ப் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். பதினொராம் தர மாணவி ஒருத்தி, தனக்குப் பெண்பிள்ளைகளில்தான் விருப்பம் என்று என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள். அவளுடைய தம்பிக்கு மனநோய் இருப்பதால் வீட்டில் ஏற்கனவே பெரும் கஷ்டம். பெற்றோருக்கு அறிவிப்பது என் கடமையா?

பதில்: அவள் உங்களிடம் சொன்னது பெற்றோரிடம் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக இல்லை, ரீச்சர். யாரையாவது விரும்புவது முறைப்பாடு செய்யவேண்டிய சம்பவமில்லை. ஆகவே அறிவிக்க வேண்டாம், ஆசிரியர் அறையில் பெயர் சொல்லாமல்கூடக் கதைக்க வேண்டாம், ஏனெனில் தம்பியின் கதை தெரிந்த ஊரில் பெயர் தானாக வெளிவந்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. எவராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள், வயதுக்கு மூத்த ஒருவர் அவளைப் பயன்படுத்துகிறார், அல்லது அவள் உயிரை மாய்க்க எண்ணுகிறாள் என்று தெரிந்தால் மௌனம் காக்க முடியாது. அப்போதும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த ஆபத்தை மட்டும் உரியவரிடம் கொண்டுபோங்கள், அவளுடைய விருப்பத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

மார்க்கத்தையோ சமயத்தையோ எடுத்து அவளுக்குப் போதிக்க உங்களுக்கு மனம் உந்தலாம். அவளுக்கு அது ஏற்கனவே தெரியும், தெரிந்தபடியால்தான் அழுதாள். உங்களால் செய்யக்கூடியது வேறு. தம்பியைப் பார்க்கும் பிள்ளைக்கு வீட்டுவேலை கொப்பியை ஒருநாள் பிந்தித் தர அனுமதிக்கலாம், கிளினிக் நாளில் வராததைக் கேள்வி கேட்காமல் விடலாம், நிதானமான ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவள் சம்மதத்தோடு அறிமுகப்படுத்தலாம். அவர் நிதானமானவர்தானா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்; எல்லோரும் அப்படியில்லை.

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன், வயது 24. மனநோய்க்குக் குளிசை எடுக்கிறேன். ஒரு வருடத்தில் உடம்பு பெருத்துவிட்டது. நிறுத்தச் சொல்லி மனம் சொல்கிறது; தங்கை குடி குடி என்று நெருக்குகிறாள். யார் சரி?

பதில்: தங்கைதான் சரி, தம்பி. ஆனால் உங்கள் முறைப்பாடும் சரி. ஒலன்சபின் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டி எடையை ஏற்றுவது எல்லா வைத்தியருக்கும் தெரிந்த விடயம், சொன்னால் கோபிக்கமாட்டார்கள். அடுத்த கிளினிக்கில் எடையைப் பார்த்து, இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். எடை குறைவாக ஏறும் வேறு மருந்துக்கு மாற்றலாமா என்றும் நீங்களே, தங்கையின் வாய்வழியாக இல்லாமல், வைத்தியரிடம் கேளுங்கள். சீனி போட்ட தேத்தண்ணியையும் சோடாவையும் இன்றைக்கே குறைக்கலாம், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் நடக்கலாம். மாற்று மருந்து கையில் வரும்வரை பழையதை ஒருநாளும் விடாதீர்கள்.

தங்கையைப் பற்றி ஒன்று. குளிசை எடுக்கும் நேரத்துக்குக் கைபேசியில் மணி வைத்து, அவள் கேட்பதற்கு முன்பே குடித்துவிட்டு, வெறும் அட்டையை மேசையில் வையுங்கள். நெருக்குவது அவளுக்கும் பிடித்த வேலையாக இருக்காது. அந்த அரைமணி நேரத்தில் அவள் படிக்கவோ, சிநேகிதியோடு கதைக்கவோ விரும்பக்கூடும்.